ஒரு கோடிப் புள்ளிகளைக் கொத்தாக்குவது எப்படி?

கேள்வி: நியூயார்க் நகர டாக்சிப் பயணங்களின் 2015 ஜனவரி மாதப் பதிவுகளை, அட்சரேகை, தீர்க்கரேகையுடன் உள்ள பழைய சிஎஸ்வி கோப்பிலிருந்து போஸ்ட்ஜிஐஎஸ் என்ற புவியிடத் தரவுத்தளத்தில் ஏற்றியிருக்கிறேன். ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். பயணிகள் மிகுதியாக ஏறும் இடங்களைக் கண்டறிய டிபிஸ்கேன் முறையை (குறிப்பிட்ட தூரத்துக்குள் நெருங்கியிருக்கும் புள்ளிகளை ஒரே கொத்தாகச் சேர்க்கும் முறை) ஓட்டினால் வேலை முடிவதே இல்லை. சிறு பகுதியை மட்டும் ஓட்டினால் மன்ஹாட்டன் முழுவதும் ஒரே கொத்தாக வருகிறது. இடம்சார்ந்த தேடலை விரைவாக்கும் ஜிஸ்ட் இன்டெக்ஸ் போட்டும் பயனில்லையே, ஏன்?
– மென்பொருள் துறை வாசகர் ஒருவர்

பதில்: இன்டெக்ஸைக் குறை சொல்ல முடியாது. குறிப்பிட்ட எல்லைக்குள் உள்ள புள்ளிகளை மட்டும் எடுத்துத் தரச் சொல்லும்போதுதான் அது கைகொடுக்கும். டிபிஸ்கேன் செயற்கூறோ தன்னிடம் வரும் புள்ளிகள் அனைத்தையும் நினைவகத்தில் ஏற்றி, அங்கே தேடலை விரைவாக்கத் தனக்கென ஒரு மர அமைப்பைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்தைத் தேடுகிறது. பென் ஸ்டேஷன் ரயில் நிலைய வாசல் போன்ற நெரிசலான இடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரக்கணக்கான அண்டைப் புள்ளிகள் இருப்பதால், எந்த மர அமைப்பாலும் அந்தச் சுமையைக் குறைக்க இயலாது. தெருவுக்குத் தெரு ஆட்கள் ஏறும் ஊரில் அண்டையிலிருந்து அண்டைக்கு நீளும் சங்கிலி எங்கும் அறுபடாது என்பதே ஒரே கொத்து வருவதற்குக் காரணம்.

முதலில் தரவைச் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பதிவுகளில் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை) இரண்டுமே சுழியமாக உள்ள வரிகள் ஏராளம். அவற்றை நீக்காவிட்டால், உங்கள் மிக அடர்த்தியான டாக்சி நிறுத்தம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் அமையும்! அடுத்து, புள்ளிகளைப் பாகையிலிருந்து மீட்டருக்கு மாற்றுங்கள்; நியூயார்க்கிற்கு 32618 என்ற எண்ணுள்ள வீழல் (பூமியின் வளைபரப்பைத் தட்டையான வரைபடத்துக்கு மாற்றும் முறை) பொருந்தும். அந்த அட்சரேகையில் ஒரு பாகை என்பது வடக்கு தெற்காக 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 84 கிலோமீட்டர் என்பதால், பாகையில் கொடுக்கும் தூரம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகிவிடும்.

பிறகு டிபிஸ்கேனை எடுத்தவுடன் தொடாமல், ஸ்னாப்-டு-கிரிட் செயற்கூறால் புள்ளிகளை 50 மீட்டர் கட்டங்களில் ஒட்டி, கட்டவாரியாக எண்ணிக்கொள்ளுங்கள். அட்டவணையை ஒருமுறை படித்தாலே இது முடிந்துவிடும். மன்ஹாட்டனின் ஏறத்தாழ 59 சதுர கிலோமீட்டர் நிலம் 24 ஆயிரம் கட்டங்களுக்குள் அடங்கும். எண்ணிக்கையில் முதல் ஐந்து சதவீதத்தில் வரும் கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் மையங்களின் மீது 75 மீட்டர் தூரமும் குறைந்தபட்சப் புள்ளி ஒன்றும் கொடுத்து டிபிஸ்கேனை ஓட்டினால், மூலைவிட்டமாகத் தொடும் கட்டங்களும் (மையத்துக்கு மையம் சுமார் 71 மீட்டர்) இணைந்துவிடும். கட்டக் கோட்டால் இரண்டாகப் பிளந்த இடமும் ஒன்றுசேரும். ஐந்து சதவீதம் என்பது என் தொடக்க மதிப்பே. வரைபடத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். கொத்துகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லவேண்டிய கே-மீன்ஸ் முறையை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்ட எண்ணிக்கையை மெட்டீரியலைஸ்டு வியூவாக (வினவலின் விடையை அட்டவணைபோல் வைத்திருக்கும் அமைப்பு) சேமித்துக்கொண்டால், வரைபடத்தை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் மீண்டும் கணக்கிட வேண்டியதில்லை. 2016 நடுப்பகுதிக்குப் பிந்தைய பதிவுகளில் ஆயங்களுக்குப் பதிலாக டாக்சி மண்டல எண்ணே தரப்படுவதால், அவற்றை மண்டலவாரியாக எண்ணினாலே போதும்.