கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் தெரியாத பெயரில் 1,249 ரூபாய்: என்ன செய்வது?

பதற வேண்டாம், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். கடை போர்டில் ஒரு பெயர், ஸ்டேட்மென்டில் அதை நடத்தும் கம்பெனியின் பெயர் என்று வருவது சகஜம். எனக்கும் ஒருமுறை அப்படி வந்தது. தேதியை வைத்து எஸ்எம்எஸ்களைத் தேடினால், அம்மாவுக்கு மருந்து வாங்கிய கடை! இலவச டிரயல் முடிந்து ஏதாவது சந்தா ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

அப்படியும் புரியவில்லையா? அன்றைக்கே ஆப்பில் கார்டை பிளாக் செய்துவிட்டு வங்கியில் புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறு இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். அப்புறம் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள். ஓடிபி சொல்லியிருந்தாலும் மறைக்காதீர்கள். அப்போதும், புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.