ஓகே எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஐயா, அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரும் சாகாத நாளில் பலகையில் 'ஜீரோ கில்டு' என்று எழுதுவார்களாம், பூச்சியத்தை ஓ என்று படித்தால் அதன் சுருக்கம்தான் ஓகே என்கிறார்களே?

பதில்: இல்லை. அந்தப் போர் தொடங்கியது 1861இல். அதற்கு 22 ஆண்டு முன்பே ஓகே அச்சில் வந்துவிட்டது.

கேள்வி: அப்படியென்றால் முதலில் எங்கே வந்தது?

பதில்: பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில், 1839 மார்ச் 23 அன்று. அப்போது அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு: சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவது. 'ஆல் கரெக்ட்' என்பதில் முதல் எழுத்து ஏ, அடுத்த சொல்லுக்கு சி. காதில் விழுகிறபடி எழுதினால் ஓ, கே. 'எல்லாம் சரி' என்று சொல்ல வந்த இரண்டு எழுத்துமே தப்பு! எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதனால்தான். 'ஆல் ரைட்' என்பதற்கும், ரைட்டின் முன்னால் வேண்டாத டபிள்யூ சேர்த்து, ஓ.டபிள்யூ. என்று எழுதினார்கள். அது நிற்கவில்லை.

கேள்வி: இது மட்டும் எப்படி நின்றது?

பதில்: தேர்தல் வந்தது. 1840இல் மறுபடி நின்ற அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயரில் ஓ.கே. இருந்ததால், ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கங்களே தொடங்கினார்கள். அவர் தோற்றார், சொல் ஊரெல்லாம் பரவியது. அப்புறம் தந்திக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றைப் பழைய பத்திரிகைகளிலிருந்து தோண்டி எடுத்து 1960களில் எழுதியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க மொழி ஆய்வாளர்.

கேள்வி: சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழிச் சொல் என்றும் படித்தேனே?

பதில்: அதிபர் உட்ரோ வில்சன்கூட அதை நம்பி, ஓகே என்ற சொல்லின் கடைசியில் எச் என்ற எழுத்தைச் சேர்த்து எழுதினார். ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. பாஸ்டன் கதைக்குத் தேதியிட்ட அச்சுத்தாளே இருக்கிறது.

கேள்வி: குழம்பு எப்படி என்றால் என் மகன் "ஓகேம்மா" என்கிறான். பாராட்டா, குறையா?

பதில்: குரலைக் கவனியுங்கள் அம்மா. "மேனேஜர் ஓகே பண்ணிட்டார்" என்றால் அனுமதி. "ஓகே, வைக்கட்டுமா?" என்றால் பேச்சு முடிந்தது. இங்கெல்லாம் நம் 'சரி' அப்படியே பொருந்தும். சாப்பாட்டுக்கு மட்டும் பொருந்தாது. "குழம்பு சரி" என்று யாரும் சொல்வதில்லை. அங்கே ஓகே என்றால் 'பரவாயில்லை'. ஆங்கிலத்திலும் அப்படித்தான், சுமார் என்று அர்த்தம். உப்பா, புளியா என்று கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடுவான்.