400 ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு குரங்கு முகமும்

(ஒளிப்பதிவாளரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 4 நிமிடப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அப்பா இறந்த பிறகு அவருடைய சைக்கிள் கடையை மறுபடி திறக்கிறாள் ஒரு பெண். இதுதான் கதை. வசனம் கிடையாது. யோசனைக்காகப் பார்க்காத மியூசிக் வீடியோ இல்லை. போனில் 400 ஸ்கிரீன்ஷாட் சேர்ந்துவிட்டது. ஆனால் எழுத உட்கார்ந்தால் எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரி வருகிறது. வேறு எங்கே தேடுவது?
– வாசகர், கரூர்

பதில்: எங்கேயோ பார்த்த மாதிரி வருவதற்குக் காரணம், எங்கேயோ பார்த்ததுதான். அந்த 400-ம் யாரோ தங்கள் கதைக்குக் கண்டுபிடித்த விடைகள். உங்கள் கணக்கு வேறு. அழிக்கச் சொல்லவில்லை, ஒரு வாரம் திறக்காமல் இருங்கள்.

நானும் இதில் அடிபட்டவன்தான். எனக்குக் கிடைத்த இரண்டாவது பாட்டுக்கு ஒரு ஃபைல் நிறையப் படம் ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். பனிமூட்டம், நீல வெளிச்சம், ஈரமான சாலை. படப்பிடிப்பு நடந்ததோ சித்திரை மாதம், புதுக்கோட்டைப் பக்கம், பகல் 12 மணிக்கு. நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. ஹீரோவுக்குக் கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. ஃபைலை வண்டியில் போட்டதோடு சரி.

உங்கள் கடிதம் வந்ததும் எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடையில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். காற்றடித்த டியூபைக் கடைக்காரர் தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிச் சுற்றிக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, திடீரென்று ஓரிடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி. அங்கேயே விரலை வைத்து அழுத்திக்கொண்டு மறுகையால் துணியைத் துழாவினார். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவினார். அது காயும்வரை கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா தெருவைப் பார்த்தார். உங்கள் கதாநாயகிக்கு நடிக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. அழுகைக் காட்சி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கரூரிலும் இப்படி ஒரு கடை இருக்கும். முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். பால்ரஸ் எந்த டப்பாவில் கிடக்கிறது, வாடகை சைக்கிள் மட்கார்டில் நம்பரை யார் எழுதினார்கள், கணக்கு நோட்டில் கையெழுத்து எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் எத்தனை மணிக்குக் கடைக்குள் வருகிறது என்பதையும். புதுக்கோட்டையில் நான் குறிக்காமல் விட்டது அது.

அப்புறம், முடிந்தால் ஒரு நடை திருவாரூர் போய் வாருங்கள். தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்த சக்கரவர்த்தியின் கதை வரைந்திருக்கிறது. சுமார் 300 வருடத்துக்கு முந்தைய வேலை. பட்டை பட்டையாக ஓடும் படங்கள், ஒவ்வொன்றுக்கும் தமிழில் சின்னக் குறிப்பு. இன்று நாம் ஸ்டோரிபோர்டு என்கிறோமே, அதேதான். இந்திரனிடம் இருக்கும் தியாகராஜர் வடிவத்தை முசுகுந்தன் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் ஒரே மாதிரி ஏழு வடிவங்களை வைத்து, எது அசல் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறான். இவன் சரியாகக் காட்டிவிடுகிறான்.

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம். எத்தனை கூட்டம் இருந்தாலும், எந்தப் பட்டையில் பார்த்தாலும், அவன் எங்கே நிற்கிறான் என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஓவியனுக்கு இதைவிட வசதி வேண்டுமா! வசனம் இல்லாத 4 நிமிடத்தில் உங்களுக்கும் இந்த வசதி வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு ‘குரங்கு முகம்’ கண்டுபிடியுங்கள். அப்பாவின் காக்கிச் சட்டையாக இருக்கலாம், தோள் இறங்கி, கை இரண்டு மடிப்பு மடித்து. தெருவின் கடைசியில் அவள் புள்ளியாக வந்தாலும் அவள்தான் என்று தெரிய வேண்டும். இன்னொன்றும் கவனித்தேன். ஊர்வலம், வாணவேடிக்கை என்று வரும் இடங்களில் கதை கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறது. நம் இடையிசைக்கும் அதே வேலைதான். அங்கே கதையைத் திணிக்காதீர்கள்.

பல்லவி மட்டும் தனி விஷயம். அது மூன்று தடவை திரும்பி வருகிறதென்றால் மூன்று தடவையும் புதுப் படம் தேடாதீர்கள். அதே கடை ஷட்டர், அதே கோணம். முதலில் பூட்டு துருப்பிடித்திருக்கிறது. அடுத்து ஷட்டர் முழங்கால் உயரம் ஏறி நின்றுவிட்டது, கீழே அவள் பாதம் மட்டும் தெரிகிறது. மூன்றாவதில் என்ன என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் சொன்னால் அதுவும் 401-ஆவது ஸ்கிரீன்ஷாட் ஆகிவிடும்.

கடைசியாக, நீங்களே எடுத்த போட்டோக்களில் 20-ஐ மட்டும் 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு, தரையில் பரப்பி, பாட்டை ஓடவிட்டு இடம் மாற்றிப் பாருங்கள். போன் திரையில் இது நடக்காது.

கேள்வி: ரெஃபரன்ஸ் படம் காட்டினாலே எங்கள் கேமராமேன் முகம் சுளிக்கிறாரே?
– வாசகி, திருச்சி

பதில்: நானும் சுளிப்பேன். ‘இதே மாதிரி வேண்டும்’ என்று சொல்லியிருப்பீர்கள். அந்தப் படத்தில் எது பிடித்தது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். சுவரின் பச்சையா, அவள் ஃப்ரேமின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பதா, ஜன்னல் பக்கம் மட்டும் வெளிச்சம் இருப்பதா? சொல்லிவிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: வீடியோ கேமராவுக்கு வசதி இல்லை. போட்டோக்களை மட்டும் வைத்து ஒரு கதைப் பாட்டு செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: தாராளமாக. பிரான்ஸில் கிறிஸ் மார்க்கர் 1962-இல் ‘லா ஜெத்தே’ என்று 28 நிமிடப் படமே அப்படித்தான் எடுத்தார். கிட்டத்தட்ட முழுக்க அசையாத போட்டோக்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும், படுத்திருக்கும் பெண் கண் திறந்து இமைக்கிறாள். பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். உங்கள் போனிலும் சில நொடி வீடியோ எடுக்கலாம் அல்லவா? அந்த ஓர் அசைவைப் பாட்டின் எந்த வரியில் வைப்பீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, மற்ற போட்டோக்களை அப்புறம் எடுக்க ஆரம்பியுங்கள்.