ஜன்னலைச் சாத்தியும் தூசி வருகிறதே! (வாசகர் கேள்வி–பதில்)

குவைத் சால்மியாவில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம். புழுதிக்காற்று வந்தால் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அப்படியும் கட்டில், சோபா எல்லாம் மாவு தூவினாற்போல் ஆகிவிடுகிறது. என்னதான் செய்வது?
– ஒரு வாசகி, சால்மியா

முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன்களை நிறுத்துங்கள். டேப் ஒட்டுவதிலேயே குறியாக இருந்து இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குளியலறை ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அதை ஈடுகட்ட வெளிக்காற்று கிடைத்த இடுக்கிலெல்லாம் நுழையும், தூசியோடு. நிறுத்தியபின் ஃபேனின் வெளிமூடி முழுதாக விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் உள்பக்கம் அட்டை வைத்து டேப் போடலாம். ஆனால் கேஸ் அடுப்பு எரியும்போது அடுக்களை ஃபேன் ஓடியே ஆகவேண்டும். அடைத்த வீட்டில் நெடுநேரம் கேஸ் எரிப்பது தூசியைவிட ஆபத்து. அன்றைய சமையலைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜன்னல். காற்று பலமாக வீசும், தூசி இல்லாத நாளில் எக்ஸாஸ்டை ஓடவிட்டு, திரைச்சீலையை நன்றாக ஒதுக்கிவிட்டு, எரியும் ஊதுபத்தியைச் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். புகை உள்பக்கம் சாய்கிற இடம்தான் ஓட்டை. ஜூன், ஜூலையில் வீசும் ஷமால் என்ற காற்று ஈராக் சமவெளிப் பக்கமிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து, வருவதால், அந்தத் திசை ஜன்னல்களில் தொடங்குங்கள்.

ஸ்லைடிங் அலுமினிய ஜன்னலில் பெரும்பாலும் குற்றவாளி, ஓரத்தில் ஓடும் பிரஷ் பட்டை. வெயிலில் முடி உதிர்ந்து வழுக்கையாகிவிடும். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துப்போய் அலுமினியக் கடையில் அதே அளவைக் கேளுங்கள். முடியின் உயரம் கூடினால் ஜன்னல் இறுகி நகராது. குறைந்தால் போட்டும் பயனில்லை. இரண்டு கதவுகள் நடுவில் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் இருக்கும் பட்டையையும் சேர்த்து மாற்றுங்கள், அது கண்ணில் படாது.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் இருந்தால் சிலிக்கான். பழையதைச் சுரண்டி, தூசியைத் துடைத்து, உலர்ந்தபின் பூசுங்கள். தூசிமேல் சிலிக்கான் ஒட்டாது, சில மாதத்தில் பட்டையாக உரிந்து வரும். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலமான இடுக்கில் முதலில் ஃபோம் கயிற்றைத் திணியுங்கள். 300 மில்லி டியூப் ஒன்று, ஐந்து மில்லிமீட்டர் கோட்டுக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வரும். நடுத்தர ஜன்னல் இரண்டுக்குப் போதும். கீழ் தண்டவாளத்தில் இருக்கும் சிறு துளைகளை மட்டும் சிலிக்கானால் அடைக்காதீர்கள். அவை மழைநீர் வடிய விட்டவை. அடைத்தால் நவம்பர் மழைக்குத் தண்ணீர் அறைக்குள் வரும். புழுதி நாளில் ஸ்பாஞ்ச் துண்டு செருகி, பிறகு எடுத்துவிடுங்கள்.

வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை திருகிவிடுங்கள். வாடகை வீடு என்பதால் ஹாரிஸிடம் (கட்டடக் காவலாளி) ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

புழுதியில் ஏசி போடலாமா? ஏசிதான் தூசியை இழுத்து வருகிறது என்கிறார்கள்.
– ஒரு வாசகர், மங்காஃப்

ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றும், தாராளமாகப் போடலாம். ஜன்னல் ஏசி என்றால் வெளிக்காற்றுக்கான நெம்புகோலை மூடுங்கள், பெட்டியைச் சுற்றிய இடைவெளியை ஃபோமால் அடையுங்கள். ஃபில்டர்மேல் கூடுதலாகத் துணி கட்டுவது தப்பு: காற்றோட்டம் குறைந்து உள்ளே குளிரூட்டும் காயிலில் பனி கட்டும், பிறகு தண்ணீர் சொட்டும்.

கஷ்டம் வெளி யூனிட்டுக்குத்தான். தகடுகளில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாமல் அழுத்தம் ஏறி கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். புயல் ஓய்ந்ததும் பிரேக்கரை அணைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, சாதாரணக் குழாய்நீரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக விடுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிவிடும். உயரத்தில் தொங்கும் யூனிட் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

மகனுக்கு ஆஸ்துமா. ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டால் போதுமா?
– ஒரு தாய், ஃபர்வானியா

போதாது. ஈரத்துணி பெருமணலைப் பிடிக்கும். நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்தூசி அதைத் தாண்டிவிடும். 2022 மே மாதத்தில் விமானங்களையே நிறுத்திய புயல்கள் போல வந்தால் வீடு முழுவதையும் காப்பது கடினம், ஒரே ஒரு அறையைக் காப்பாற்றுங்கள். ஜன்னல் குறைந்த அறையில் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் வையுங்கள். 4×4 மீட்டர், 2.7 மீட்டர் உயர அறையின் கொள்ளளவு 43 கன மீட்டர்; மணிக்கு ஐந்து முறை சுத்தமாக, மணிக்குச் சுமார் 215 கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் திறன் வேண்டும். பெட்டியில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஓசோன் வெளியிடும் கருவி ஆஸ்துமாவைக் கிளப்பும், வேண்டவே வேண்டாம். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மருந்துக்கும் அடங்காமல் மூச்சு வாங்கினால் புழுதி அடங்கட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

புயல் முடிந்தபின் எப்படித் துடைப்பது?
– ஒரு வாசகர், அப்பாசியா

துடைப்பத்தைத் தொடாதீர்கள், படிந்தது மறுபடி எழும்பும். மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைத்து, துணியை அடிக்கடி அலசுங்கள். கண்ணாடியில் முதலில் தண்ணீரை ஓடவிடுங்கள். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம், உலர்துணியால் தேய்த்தால் கீறும். ஜன்னல் தண்டவாளத்துக்கு நேர்மாறு: பெயின்ட் பிரஷ்ஷும் வாக்வமும் கொண்டு உலர்ந்தபடியே எடுத்தபிறகுதான் ஈரம். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் சேறாகி, காய்ந்து இறுகி, சக்கரம் நகராது.