சிங்கப்பூர் ஆறும் மரினா பேயும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நான் சிங்கப்பூருக்கு வந்தது 1991இல், வடிகால் வேலைக்கு. இப்போது ஓய்வு. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆற்றோரமாக நடத்திக் கூட்டிப்போவது என் பொழுதுபோக்கு. கேள்விகளை அனுப்பச் சொன்னேன், நிறையவே வந்தன. பலர் கேட்டவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். பழைய வடிகால்காரன் என்பதால் பேச்சு அடிக்கடி சாக்கடைப் பக்கம் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: மூன்று கோபுரங்களும் உச்சியில் கப்பலும் போல ஒரு ஹோட்டல் இருக்கிறதே, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?

கடல்.

அந்தப் பக்கம் பெரும்பாலும் 1970களிலும் 80களிலும் மண் கொட்டி மேடாக்கியதுதான். மரினா சென்டர், மரினா சவுத் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 360 ஹெக்டேர். நிலம் தயாரான பிறகும் பெரிய பகுதியை அவசரப்பட்டு விற்காமல் சும்மா போட்டு வைத்திருந்தார்கள். நான் வந்த புதிதில் மரினா சவுத் என்றால் புல்வெளி, காற்று, ராத்திரியில் மேசையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடும் கடைகள், அவ்வளவுதான். நீங்கள் கேட்கும் மரினா பே சேண்ட்ஸ் திறந்தது 2010இல். கரையோரப் பூந்தோட்டங்கள் 2012இல் வந்தன.

பழைய கரை எது என்று பார்க்க டெலோக் ஆயர் தெருவுக்குப் போங்கள். நாகூர் தர்காவும், தமிழ் முஸ்லிம்கள் குச்சுப் பள்ளி என்று சொன்ன அல் அப்ரார் பள்ளிவாசலும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் 1820களின் இறுதியில் உருவானவை. அப்போது வாசலுக்கு எதிரே அலை அடித்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதல் வேலையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். 1880களிலேயே கடலைத் தூர்த்துக் கரையைத் தள்ளிவிட்டார்கள். இன்று அந்த வாசலில் நின்றால் எதிரே தெரிவது அலுவலகக் கட்டடங்கள்தான்.

சென்னையிலிருந்து கல்லூரி மாணவி: ஆறு அவ்வளவு நாறியது என்கிறார்களே, மிகையா? எப்படிச் சுத்தம் செய்தார்கள்?

மிகையே இல்லை. பழைய ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கதை சொல்வார்கள். 1977இல் ஒரு நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ, பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று கெடு வைத்தார். 1987இல் வேலை முடிந்தது.

தூர் வாருவதைக் கடைசிக்குத் தள்ளிவைத்ததுதான் இதில் கெட்டிக்காரத்தனம். அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று மேலே தேடிப் போனார்கள். காலாங் நீர்ப்பிடிப்பில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகள், சுமார் 500 வாத்துப் பண்ணைகள். தெருவோரக் கடைக்காரர்கள் ஏறத்தாழ 5,000 பேர். மீந்த குழம்பு, கழுவிய தண்ணீர் எல்லாம் நேராகக் கால்வாய்க்குப் போகும். கழிவுநீர்க் குழாயே இல்லாத குடிசைகள் வேறு. பண்ணைகளை மூடினார்கள், கடைகளை உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுபோனார்கள், குடிசைவாசிகளை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மாற்றினார்கள். அடியில் கிடந்த கறுப்புச் சேற்றை அள்ளியது அதற்கப்புறம்தான். மறுகுடியேற்றச் செலவைச் சேர்க்காமலே சுமார் 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஆனது.

கூவத்தை ஏன் இப்படிச் செய்யக் கூடாது என்று ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆற்றை விட்டுவிட்டு, அதில் வந்து விழும் ஒவ்வொரு குழாயையும் எண்ணத் தொடங்கினால் செய்யலாம்.

சிங்கப்பூரிலிருந்தே ஒரு வாசகர்: துரத்தப்பட்டவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே, அண்ணா?

நியாயமான கோபம். 1983 செப்டம்பரில் சுமார் 800 சரக்குப் படகுகளை ஆற்றிலிருந்து பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். ஆற்றுக்குள் அலை கிடையாது. அங்கே திறந்த கடல், படகுகள் ஆடின, ஆட்கள் முணுமுணுத்தார்கள். 1972இலேயே தஞ்சோங் பகாருக்கு கன்டெய்னர் கப்பல் வந்துவிட்டதால் மூட்டை சுமக்கும் படகுக்கு எப்படியும் முடிவு நெருங்கியிருந்தது, உண்மைதான். ஆனாலும் பிழைப்பு தானாகத் தேய்வது வேறு, நாள் குறித்து அனுப்புவது வேறு.

ஆற்றோரத்துப் போட் கீயின் பழைய கடைவீடுகளுக்கு 1989இல் பாரம்பரியப் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. இடிக்காமல் விட்டதற்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் சுவர் நின்றது, சுவருக்குள் இருந்த தொழில் போய்விட்டது. இப்போது அங்கே ஒரு நண்டு சாப்பிடும் காசில் அந்தக் காலத்துப் படகுக்காரர் குடும்பமே மாதம் ஓட்டியிருக்கும்.

மதுரை ஆசிரியர்: ஆற்றோரத்தில் தமிழர்களுக்கு என்ன பங்கு, ஐயா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள். நூற்றாண்டு முடிவதற்குள் அந்தத் தொழில் சீனர் கைக்குப் போனது. சூலியா தெருவின் பெயர் மட்டும் மிச்சம், அதுவும் 1920களில் வைத்ததுதான். அதற்கு முன் 'கிளிங்' தெரு; இந்தியர்களை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்.

பக்கத்திலேயே மார்க்கெட் தெரு. நகரத்தாரின் (செட்டியார்களின்) கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், அங்கேதான் இருந்தன. நீளமான கூடம், வரிசையாகப் பெட்டகங்கள். பகலில் வட்டிக் கணக்கு, இரவில் அதே இடத்தில் பாய் விரித்துத் தூக்கம். 1970களின் இறுதியில் நகர மறுசீரமைப்புக்காக அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. இன்று வங்கிகளின் வட்டாரம் என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் கடன் கொடுக்கும் தொழிலை நடத்தியவர்களுக்கு ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் உண்டு. ஒரு கிட்டங்கியையாவது விட்டுவைத்திருக்கலாம் என்பது என் தீராத ஆதங்கம்.

திருச்சி பொறியியல் மாணவர்: மரினா அணைக்கட்டு எப்படி வேலை செய்கிறது?

வாங்க தம்பி, இதற்குத்தான் காத்திருந்தேன்.

2008இல் திறந்தார்கள். மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளம், ஒன்பது எஃகு மதகுகள். ஒரு பக்கம் ஆறுகள் கொண்டுவரும் மழைநீர், மறுபக்கம் கடல். பெருமழை பெய்து, அப்போது கடல் வற்றமாக இருந்தால் மதகைச் சாய்த்துவிட்டால் போதும், தண்ணீர் தானாகக் கடலுக்குப் போகும். மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால்? மதகைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு ராட்சத பம்புகள் ஓடும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் தண்ணீரைக் கடலுக்குள் தள்ளும். சைனாடவுன் போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் குறைய இது பெரிய காரணம்.

உள்ளே அடைபட்ட உப்புநீரை மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றியது. 2010இல் அது நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இதில் வந்து சேர்கிறது. அதாவது, 1977இல் சாக்கடையைச் சரிசெய்யாமல் இருந்திருந்தால் இந்த அணைக்கட்டு ஒரு பெரிய கழிவுத் தொட்டியாகியிருக்கும். வான்வேடிக்கைக்குக் கண்ணாடியாக நிற்கிறதே அந்தத் தண்ணீர், அதுதான் சுத்திகரித்த பின் குழாயிலும் வருகிறது.

ஈப்போவிலிருந்து: மெர்லயன் சிலை இடம் மாறியதாமே?

ஆமாம். சிங்கத் தலையும் மீன் உடலுமாக இருக்கும் அந்தச் சிலையை 1972இல் ஆற்று முகத்துவாரத்தில் வைத்தார்கள். 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து முன்னால் மறைத்தது. 2002இல் 70 டன் சிங்கத்தை 120 மீட்டர் நகர்த்தினார்கள்.

சென்னை, தகவல் தொழில்நுட்ப ஊழியர்: அடுத்து என்ன வருகிறது? வீடு வாங்கலாமா?

தஞ்சோங் பகார், பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையங்கள் படிப்படியாகத் தீவின் மேற்கு முனையிலுள்ள துவாஸுக்குப் போகின்றன. காலியாகும் இடத்தையும் சேர்த்து, பாசிர் பாஞ்சாங்கிலிருந்து மரினா ஈஸ்ட் வரை 30 கிலோமீட்டர் கரையை மாற்றப்போகிறார்கள். மரினா பேயைப் போல ஆறு மடங்கு. பழைய கெப்பல் கோல்ஃப் மைதானத்தில் மட்டும், 2022இல் சொன்ன கணக்குப்படி, சுமார் 9,000 வீடுகள் திட்டம். கிழக்கே கடல்மட்ட உயர்வைத் தடுக்க 800 ஹெக்டேரில் 'லாங் ஐலண்ட்' என்ற யோசனையும் இருக்கிறது. வீடு வாங்குவது உங்கள் குடியுரிமையையும் பர்ஸையும் பொறுத்தது; என்னிடம் கேட்காதீர்கள்.

கும்பகோணத்துப் பாட்டி ஒருவர், பேரன் வழியாக: அடுத்த மாதம் வருகிறேன். காசு செலவழிக்காமல் எதைப் பார்க்கலாம்?

அம்மா, சாயங்காலம் ஆறு மணிக்குக் கவெனா பாலத்துக்கு வாருங்கள். 1869இல் கட்டியது, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் கீழே நீர்நாய்க் குடும்பம் மீன் தின்னும். பாலத்தின் முனையில் பழைய காவல்துறை அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கும்: பாரவண்டி கூடாது, மாடு குதிரை கூடாது என்று. அதை மட்டும் யாரும் கழற்றவில்லை.