குறுந்தகட்டுப் பாடல்களைக் கணினிக்கு மாற்றுதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கானாடுகாத்தான்): பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டுப் பீரோவில் இருநூறுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் உள்ளன. திருவிழாவுக்கு வரும் சில நாட்களில் அனைத்தையும் மாற்ற இயலாது. எதில் தொடங்குவது?

பதில்: கடையில் வாங்கியவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டு நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்த தகடுகளில் தொடங்குங்கள். அடிப்பக்கம் வெள்ளியாக மின்னினால் அது பெரும்பாலும் ஆலையில் அச்சிட்டது. பச்சை, நீலம் அல்லது பொன்னிறச் சாயல் தெரிந்தால் கணினியில் எழுதியது. அச்சிட்ட தகட்டில் இசை நுண்ணிய பள்ளங்களாகப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கிறது. எழுதிய தகட்டிலோ அது ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. அந்தச் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் சிறுகச் சிறுகக் கெடும். மேலே தாள் லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், உலோகப் படலமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். கடைத் தகடு போனால் இன்னொன்று தேடி வாங்கலாம். ஐயாவின் சாந்திக் கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணத்தில்) பதிந்த நாகஸ்வரமும் அப்பத்தா பாடிய தாலாட்டும் வேறெங்கும் கிடைக்கமாட்டா.

கேள்வி (காரைக்குடி): எம்.பி.3 போதுமா? ஃபிளாக் என்கிறார்களே, அது எதற்கு?

பதில்: குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில், இரண்டு தடங்களாகப் பதியப்படுகிறது. 74 நிமிடத் தகட்டை அப்படியே எடுத்தால் ஏறக்குறைய 780 மெகாபைட் ஆகும். ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவம் இதில் ஒரு துளியும் இழக்காமல் ஏறத்தாழ பாதியளவுக்குச் சுருக்கித் தருகிறது, எம்.பி.3 காதுக்குக் கேட்காது என்று கருதுவதை வெட்டியெறிந்து இன்னும் சிறிதாக்குகிறது. நொடிக்கு 320 கிலோபிட் அளவில் எடுத்த எம்.பி.3 கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் 128 கிலோபிட்டில் காரைக்குடி பாணி வீணையைக் கேட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு மீட்டும் தொடங்கும் கூர்மை மழுங்கியிருக்கும். வெட்டியது திரும்பி வராது என்பதால், மூலப்படியை ஃபிளாக்கில் வைத்துக்கொண்டு, காருக்கும் கைப்பேசிக்கும் வேண்டியபோது அதிலிருந்தே எம்.பி.3 எடுத்துக்கொள்வதுதான் முறை. ஆப்பிளின் ம்யூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்காது. அதை மட்டும் பயன்படுத்துவோர் ஏ.எல்.ஏ.சி. வடிவுக்கு மாற்றலாம், அதிலும் இழப்பில்லை.

கேள்வி (தேவகோட்டை): சில தகடுகள் பாதியில் நின்றுவிடுகின்றன. சில ஓடினாலும், மாற்றிய கோப்பில் 'டிக் டிக்' என்று கேட்கிறது.

பதில்: முதலில் தகட்டைப் பாருங்கள். அடிப்பக்கப் பிளாஸ்டிக் 1.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதில் விழுந்த கீறல் பெரும்பாலும் ஆழமாகப் போயிருக்காது. படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே உலோகப் படலம் இருப்பதால், அங்கு விழும் கீறல்தான் உண்மையில் ஆபத்தானது. வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது ஊசித்துளைகளாக ஒளி தெரிந்தால் அந்த இடத்தில் இசை போய்விட்டது. தூசியை மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், அதனால் விழும் கீறல் இசை ஓடும் தடத்தோடு நீண்டு சென்று, தகட்டைப் படிக்கும் டிரைவின் பிழைதிருத்த முறையால் சரிசெய்ய முடியாத அளவுக்குத் தொடர்ச்சியாக அழித்துவிடும். பற்பசை தேய்க்கச் சொல்வோர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அடுத்தது மென்பொருள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்றவை ஐயமுள்ள இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, வந்த விடையை ஆக்யூரேட்ரிப் தரவுத்தளத்தில் மற்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிடுகின்றன. வீட்டில் பதிந்த தகடு அந்தத் தரவுத்தளத்தில் இருக்காது. அதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு டிரைவில் படிக்காத தகடு வேறொரு நிறுவனத்தின் டிரைவில் படிப்பது உண்டு. ஆகவே தகட்டைத் தூக்கியெறியும் முன் தெரிந்தவர் வீட்டு டிரைவிலும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): நூறு பாட்டுகள் கொண்ட எம்.பி.3 தகடுகளையும் ஃபிளாக்காக மாற்றலாமா?

பதில்: வேண்டாம். அவை ஏற்கெனவே கோப்புகள். அப்படியே நகலெடுத்தால் போதும். ஃபிளாக்காக்கினால் இடம்தான் வீணாகும், தரம் கூடாது.

கேள்வி (காரைக்குடி): கச்சேரித் தகடுகளைப் போட்டால் பாட்டின் பெயர்கள் தப்பும் தவறுமாக வருகின்றன. கம்பன் விழாப் பேச்சுகளுக்குப் பெயரே வருவதில்லை.

பதில்: பெயர்கள் பெரும்பாலும் தகட்டிலிருந்து வருவதில்லை, தட எண்ணிக்கையையும் நீளங்களையும் வைத்து இணையத் தரவுத்தளத்திலிருந்து மென்பொருள் தேடியெடுக்கிறது. அங்கே யாரோ தட்டெழுதிய பிழைதான் உங்களிடம் வருகிறது. சலிப்பான வேலைதான் என்றாலும், மாற்றிய அன்றே திருத்திவிடுங்கள். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், பக்கவாத்தியக்காரர் ஆகியோரைத் தமிழில், யூனிகோடில் எழுதி, உறையையும் உள்தாளையும் படமெடுத்து அதே கோப்புறையில் இடுங்கள். பேச்சாக இருந்தால் பேச்சாளர், தலைப்பு, ஆண்டு மூன்றும் அவசியம். குரலைக் கேட்டு ஆளைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (குன்றக்குடி): இப்படி நகலெடுப்பது சட்டப்படி சரியா? நகலை எங்கே வைப்பது?

பதில்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான நகலுக்கு இடமளிக்கிறது. அதை வாட்ஸ்ஆப் குழுக்களில் பரப்புவது அதற்குள் அடங்காது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஃபிளாக் கோப்பு தன் சரிபார்ப்பு எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், ஆண்டுக்கு ஒரு முறை டிஸ்க்கை இணைத்துச் சோதனையை ஓடவிட்டால் எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கெட்டதை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.