விளாடிமிர் கிளிட்ச்கோ மகத்தான வீரர்தானா?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழக அணிக்காகக் குத்துச்சண்டை ஆடுகிறாள். அவளுக்கு உக்ரைன் வீரர் விளாடிமிர் கிளிட்ச்கோதான் ஆதர்சம். அவரைப் போலவே இடது கையை நீட்டி, தூரத்தில் நின்று, புள்ளிக் கணக்கில் ஜெயிக்கிறாள். மைக் டைசனின் பரம ரசிகனான என் தம்பி, "அவன் சண்டையைப் பார்த்தால் தூக்கம்தான் வரும், அவனைப் போய்ப் பெரிய வீரன் என்கிறாயே" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருக்கிறான். போன மாதம் அவள் ஜெயித்தபோது அரங்கில் கைதட்டல்கூடச் சரியாக எழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதுவிட்டாள். கிளிட்ச்கோ உண்மையிலேயே மகத்தானவர்தானா? என் மகள் தன் பாணியை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஒரு தந்தை)

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம்.

கிளிட்ச்கோ மகத்தான வீரர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு எழுதினால் இந்தப் பதில் உங்கள் மகளுக்கு உதவாது என்பதால், தம்பியின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2008 பிப்ரவரி 23 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிளிட்ச்கோவும் ரஷ்யாவின் சுல்தான் இப்ராகிமோவும் மோதினார்கள். இருவருமே உலகப் பட்டம் வைத்திருந்தவர்கள். ஹெவிவெயிட் என்ற மிகு எடைப் பிரிவில், வெவ்வேறு அமைப்புகளின் பட்டம் வைத்திருக்கும் இரண்டு சாம்பியன்கள் பட்டங்களை ஒன்றாக்குவதற்காக மோதிப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், எதிர்பார்ப்பும் பெரிதாக இருந்தது. இப்ராகிமோவ் இடக்கை வீரர். அவருடைய வலது கையுறைதான் முன்னால் நிற்கும். 12 சுற்றுகளிலும் கிளிட்ச்கோவின் இடது கை செய்த முக்கியமான வேலை, முன்னால் நின்ற அந்தக் கையுறையைத் திரும்பத் திரும்பத் தட்டி இறக்கியதுதான். எத்தனையோ பேரைத் தரையில் சாய்த்த அவருடைய வலது கை அன்று அபூர்வமாகவே வெளியே வந்தது. மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். அரங்கம் கூச்சலிட்டு எதிர்ப்பைக் காட்டியது. பணம் கொடுத்து வந்தவர்களின் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதைவிட மோசமானது 2013 அக்டோபரில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் பொவெட்கினோடு நடந்த சண்டை. பொவெட்கின் நெருங்கி வந்த போதெல்லாம் கிளிட்ச்கோ அவரைக் கட்டிப்பிடித்து, கழுத்தின் மேல் சாய்ந்து, தன் முழு எடையையும் அவர் மேல் இறக்கினார். நான்கு முறை வீழ்த்தி, மிகப் பெரிய புள்ளி வித்தியாசத்தில் வென்றார் என்றாலும், அந்த ஆட்டத்தை நான் அவருடைய கணக்கில் பெருமையாக எழுத மாட்டேன். விதியை அதன் கடைசி ஓரம் வரை இழுத்து வென்ற வெற்றி அது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அவர் ஏன் மகத்தானவர் என்றால், அவர் இப்படி ஆடப் பிறந்தவர் இல்லை என்பதுதான் அதற்கு முதல் காரணம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்று தொழில்முறைக்கு வந்த அந்த இளைஞர், உங்கள் தம்பிக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய ஆட்டக்காரர். வேகமாக அடிப்பார், நிறைய அடிப்பார், சீக்கிரம் முடிப்பார். 24 வெற்றிகளுக்குப் பிறகு, 1998 டிசம்பரில், சொந்த ஊரான கீவில், ராஸ் பியூரிட்டி என்ற அமெரிக்கரிடம் தோற்றார். அடித்து அடித்தே மூச்சு வாங்கிப்போய், 11-ஆவது சுற்றில் அவரால் நிற்க முடியாத நிலையில் சண்டை நிறுத்தப்பட்டது. 2003 மார்ச்சில் ஜெர்மனியின் ஹனோவரில் தென்னாப்பிரிக்காவின் கோரி சாண்டர்ஸ் இரண்டே சுற்றுகளில் அவரை நான்கு முறை கீழே தள்ளிப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். 13 மாதம் கழித்து, லாஸ் வேகாஸில் லேமன் ப்ரூஸ்டரை நான்காவது சுற்றில் வீழ்த்திய கிளிட்ச்கோ, அடுத்த சுற்றிலேயே களைத்துத் துவண்டு, மணி அடித்த பிறகு தன் மூலைக்குப் போகும் வழியில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 28. தாடையில் ஓர் அடி விழுந்தால் ஆள் தாங்க மாட்டார், நான்கு சுற்று ஓடினால் மூச்சு தீர்ந்துவிடும் என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஹெவிவெயிட் பிரிவில் இந்த இரண்டு குறையும் வெளிப்பட்ட பிறகு எழுந்து வந்தவர்கள் மிகக் குறைவு.

டெட்ராய்ட்டின் குரோங்க் பயிற்சிக்கூடத்தை நடத்திய எமானுவேல் ஸ்டூவர்ட் அந்த 2004-ஆம் ஆண்டில்தான் அவருக்குப் பயிற்சியாளரானார். முன்னாள் உலகச் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸைக் கடைசி வரை வழிநடத்திய ஸ்டூவர்ட்டுக்கு, உயரமான வீரன் தன் உயரத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பது தெரியும். கிளிட்ச்கோ 198 சென்டிமீட்டர் உயரம்; கைகளும் அதற்கேற்ற நீளம். இனி ஆட்டத்தின் தாளம் மெதுவாக இருக்கும். இடது கை எப்போதும் எதிராளியின் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அந்தக் கையைக் கடந்து உள்ளே வந்தால்தான் அவர் தாடையைத் தொட முடியும். கடந்து வந்துவிட்டாலோ பின்வாங்கு, இல்லையென்றால் கட்டிப்பிடி. மக்கள் சலிப்பு என்று சொன்ன ஒவ்வொன்றும் அவருடைய ஏதோ ஒரு குறைக்குக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. மூச்சு தீராமலிருக்க மெதுவான தாளம், தாடையைக் காப்பாற்ற அந்தத் தூரம்.

அவருடைய ஜாப், அதாவது முன்னால் நிற்கும் கையை நேராக நீட்டி அடிக்கும் குத்து, எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் மகள் நிச்சயம் உற்றுப் பார்த்திருப்பாள். உங்கள் தம்பியும் ஒரு முறை பார்க்கட்டும். இடது கை பாதி நீண்டபடி மிதக்கிறது. அது எதிராளியின் பார்வையை மறைக்கிறது, தூரத்தை அளக்கிறது, சும்மா தொட்டுவிட்டுத் திரும்புகிறது. இரண்டு மூன்று முறை அப்படித் தொட்ட பிறகு, அதே கை, அதே இடத்திலிருந்து, முழு உடல் எடையையும் சுமந்துகொண்டு போய் மூக்கில் இறங்குகிறது. எது தொடல், எது அடி என்று எதிராளிக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு தொடலுக்கும் தலையைப் பின்னால் இழுக்கிறான். தலை பின்னால் போனால் எடை குதிகாலுக்குப் போய்விடும். குதிகாலில் நிற்பவனால் பலமாகக் குத்த முடியாது. ஆறாவது சுற்றுக்குள் அவன் முன்னால் வருவதையே நிறுத்திவிடுகிறான். நாம் திரையில் காண்பது ஒன்றும் நடக்காத மூன்று நிமிடம். வளையத்துக்குள் நிற்பவனுக்கோ அது கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் மூன்று நிமிடம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தூக்கம் வரவழைப்பவர் என்று பெயரெடுத்த இந்த மனிதர் தன் 64 வெற்றிகளில் 53-ஐ நாக்-அவுட்டில் பெற்றவர்.

பட்டத்தை 2006 ஏப்ரலில் மான்ஹைம் நகரில் கிறிஸ் பேர்டிடமிருந்து வென்ற அவர், 2015 நவம்பர் வரை, ஒன்பது ஆண்டு ஏழு மாதம், 18 முறை தொடர்ச்சியாகக் காத்தார். ஹெவிவெயிட் வரலாற்றில் இதைவிட நீண்ட தொடர்ச்சியான ஆட்சி ஜோ லூயிஸ் ஒருவருடையதுதான். அமெரிக்கத் தொலைக்காட்சி அவரிடம் ஆர்வம் இழந்த அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் கால்பந்து அரங்கங்கள் அவருக்காக நிரம்பின என்பதையும் மறக்கக் கூடாது. சலிப்பு என்பதுகூட எந்த ஊரில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது போலும்.

அவருக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் சலிப்பு அல்ல, எதிராளிகளின் தரம். அந்தக் காலத்தில் அவருக்குச் சமமாக நின்ற ஹெவிவெயிட் வீரர் அவருடைய அண்ணன் விட்டாலிதான். இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகவே நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய மிகக் கடினமான சோதனை நடக்கவே இல்லை. அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன் என்று ஒரே காலத்தில் மூவர் இருந்த யுகத்தோடு ஒப்பிட்டால் இது குறைதான். அலியின் வரிசையில் கிளிட்ச்கோவை நான் வைக்காததற்கும் இதுவே காரணம். மகத்தானவர்களுக்குள்ளும் வரிசை உண்டு அல்லவா?

பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். 1926-இல் பிலடெல்பியாவில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சியை ஜீன் டன்னி வென்றார். மறு ஆண்டு சிகாகோவில் மீண்டும் வென்றார். டெம்ப்சி புயல், டன்னி நிதானமான கணக்குக்காரர். மக்கள் டெம்ப்சியைத்தான் நேசித்தார்கள். சிகாகோ சண்டையின் ஏழாவது சுற்றில் டெம்ப்சி டன்னியை வீழ்த்திவிட்டு எதிர்மூலைக்குப் போகத் தாமதித்ததால், நடுவரின் எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது. டன்னி ஒன்பதில் எழுந்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக உலகம் அந்தச் சில விநாடிகளைப் பற்றியே வாதிடுகிறது. அந்தச் சண்டையின் மற்றச் சுற்றுகளில் பெரும்பாலானவற்றை டன்னி அமைதியாக வென்றதை யார் பேசுகிறார்கள்? பரபரப்பு நம் நினைவில் ஒட்டிக்கொள்ளும். திறமையை நாமாகத்தான் முயன்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிளிட்ச்கோவின் வாழ்க்கையிலேயே இதற்கு என் மனத்தை உலுக்கிய சான்று உண்டு. 2017 ஏப்ரல் 29 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில், 90,000 பேர் முன்னிலையில், 41 வயதில் அவர் அந்தோணி ஜோஷுவாவோடு மோதினார். ஐந்தாவது சுற்றில் விழுந்தார். எழுந்து அதே சுற்றில் ஜோஷுவாவைத் தடுமாற வைத்தார். ஆறாவதில் நேர் வலது குத்தால் ஜோஷுவாவைக் கீழே தள்ளினார். 11-ஆவது சுற்றில் இரண்டு முறை விழுந்து தோற்றார். அந்த இரவுதான் உலகம் முழுவதும் அவரை மனமாரப் புகழ்ந்தது. பல ஆண்டுகள் அடிபடாமல் வென்றபோது கிடைக்காத அன்பு, அடிபட்டுத் தோற்ற இரவில் கிடைத்தது. வயது அவருடைய கால்களைத் தளர்த்தியதால் அந்தப் பழைய தூரத்தைக் காக்க முடியவில்லை. அதனால்தான் சண்டை அவ்வளவு பரபரப்பானது. நாம் கைதட்டியதில் ஒரு பங்கு அவருடைய நெஞ்சுரத்துக்கு. இன்னொரு பங்கு, யோசித்துப் பார்த்தால், அவருடைய கலை தேய்ந்துபோனதற்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு ஒரு வார்த்தை. அவர் நேசிக்கும் இளம் டைசன் வெறும் ஆவேசம் அல்லர். பயிற்சியாளர் கஸ் டமாட்டோவின் பட்டறையில் அவர் முதலில் கற்றது தலையை அசைத்து அடியை ஏமாற்றுவது. அந்தப் பாதுகாப்பு இருந்தவரைக்கும்தான் அந்த ஆவேசமும் பலித்தது.

இனி உங்கள் மகள். பாணியை மாற்ற வேண்டாம். ஆனால் கிளிட்ச்கோவை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அவருக்கு 12 சுற்றுகள், அதாவது 36 நிமிடங்கள் இருந்தன. எதிராளியை மெல்ல மெல்ல அடக்கும் பொறுமைக்கு அவ்வளவு நேரம் தேவை. உங்கள் மகள் ஆடும் அமெச்சூர் போட்டியில் மூன்று சுற்றுகள்தான். முதல் சுற்றை அளவெடுப்பதிலேயே கழித்தால் மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் போய்விடும். கட்டிப்பிடித்தால் நடுவர் எச்சரிப்பார், புள்ளியும் போகும். ஆகவே அவருடைய இடது கையையும் கால்களையும் எடுத்துக்கொண்டு, கட்டிப்பிடிப்பதை அவரிடமே விட்டுவிடச் சொல்லுங்கள். வாய்ப்பு திறந்திருக்கும்போது வலது கையை அனுப்பத் தயங்குவதையும் அவள் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 2010 மார்ச்சில் டுசல்டார்ஃப் நகரில் எடி சேம்பர்ஸைப் புள்ளிகளில் வெகுவாக முந்தியிருந்தும் கிளிட்ச்கோ முடிக்கத் தயங்கியபோது, ஸ்டூவர்ட்டே மூலையில் அவரைக் கடிந்துகொண்டார். கடைசிச் சுற்று முடிய ஐந்து விநாடி இருக்கையில் கையை வளைத்து அடித்த ஒரு இடது ஹூக்கில் சேம்பர்ஸ் சாய்ந்தார். முடிக்கும் வலிமை எப்போதும் அவரிடம் இருந்தது. தயக்கம்தான் அவருடைய உண்மையான குறை.

அரங்கின் மௌனத்தைப் பற்றி அவள் தன் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "எதிராளி ஒன்றும் செய்ய முடியாததால் அமைதியா, நானும் ஒன்றும் செய்யாததால் அமைதியா?" முதலாவது என்றால் அழ வேண்டியதில்லை. இரண்டாவது என்றால் திருத்திக்கொள்ள அவளுக்கு வேண்டிய காலம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து, 2005 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் சாமுவேல் பீட்டரோடு கிளிட்ச்கோ ஆடிய சண்டையைப் போட்டுக் காட்டுங்கள். ஐந்தாவது சுற்றில் இரண்டு முறை, பத்தாவதில் ஒரு முறை விழுகிறார். ஹனோவரும் லாஸ் வேகாஸும் மறுபடி நடக்கப்போகின்றன என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். ஒவ்வொரு முறையும் எழுந்ததும் அவருடைய இடது கை எங்கே போகிறது என்பதை மட்டும் தம்பி கவனிக்கட்டும். 12-ஆவது சுற்றில் தள்ளாடுவது பீட்டர்தான்.